மின்கட்டமைப்பும் சைபர் தாக்குதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர்கள், பொறியியல் மாணவர்கள், கூரையில் சோலார் போட்ட வீட்டுக்காரர்கள் எனப் பலரும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே வைத்திருக்கிறோம். ஒருமுறை விளக்கியதை மறுபடி எழுதவில்லை. எண்ணைப் பார்த்துத் திரும்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. எங்கேயோ உட்கார்ந்து ஒருத்தன் கீபோர்டைத் தட்டினா ஊருக்கே கரண்ட் போயிடுமா? அதெல்லாம் சினிமாவுலதானே?

போயிருக்கிறது. 2015 டிசம்பர் 23 மாலை உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அறைத் திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து, மின்பாதையைத் துண்டிக்கும் சுவிட்சுகளான பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. பார்த்துக்கொண்டிருந்த பணியாளர்களால் தடுக்க முடியவில்லை. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் 17 நள்ளிரவை ஒட்டி, கீவ் நகருக்கு அருகே 330 கிலோவோல்ட் பிவ்னிச்னா நிலையம் இதேபோல் விழுந்தது. சுமார் 200 மெகாவாட் போனது.

முதல் தாக்குதலில் ஒன்று முதல் ஆறு மணி நேரத்திலும், இரண்டாவதில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலும் மின்சாரம் திரும்பியது. இரண்டு முறையும் மனிதர்கள் கையால் இயக்கியே மீட்டார்கள். கரண்டை நிறுத்துவது தாக்குபவருக்கு முடிகிற காரியம். நிறுத்தியபடியே வைத்திருப்பதுதான் கடினம். அது அவருக்குக் கடினமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு வேலையின் பெரும்பகுதி.

2. ஸ்காடா, ஆர்டியூ, ரிலேன்னு சொல்றாங்களே, இதுல எதைப் பிடிச்சா கரண்ட் நிக்கும்?

மின்பாதையைத் துண்டிப்பதும் சேர்ப்பதும் பிரேக்கர். திறந்தால் மின்சாரம் நிற்கும், மூடினால் ஓடும். அதற்குக் கட்டளை வரும் வழிகள் இரண்டு. ஒன்று ரிலே: ஷார்ட் சர்க்யூட்டைக் கண்டால் யாரையும் கேட்காமல் சில பத்து மில்லி விநாடிகளில் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும். மற்றொன்று ஆபரேட்டர்: கட்டுப்பாட்டு மையத்தின் ஸ்காடா திரையில் சொடுக்குவார், அது தொலைத்தொடர்பு வழியே நிலையத்திலுள்ள ஆர்டியூ பெட்டிக்கு வந்து பிரேக்கரை இயக்கும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் ஏதோ ஒன்று செய்யலாம். 2015-இல் ஆபரேட்டரின் திரையைப் பிடித்தார்கள். 2016-இல் திரை தேவைப்படவில்லை. இன்டஸ்ட்ராயர் என்ற நிரல் தானே ஸ்காடாவின் மொழியில் பிரேக்கர்களுக்குக் கட்டளை அனுப்பியது.

3. எங்க ஸ்காடா நெட்வொர்க் இன்டர்நெட்டோட சேரவே சேராது. அப்புறம் என்ன பயம்?

வரைபடத்தில் சேராது. நேரில் போய்ப் பாருங்கள். உபகரணம் விற்ற நிறுவனம் பழுது பார்ப்பதற்காக விட்டுச்சென்ற சிம் கார்டு மோடம், அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப இரண்டு நெட்வொர்க்கிலும் கால் வைத்திருக்கும் கணினி, ரிலே செட்டிங் மாற்ற வரும் லேப்டாப், பென்டிரைவ் இவையெல்லாம் பாலங்கள். ஈரானின் நடான்ஸ் செறிவூட்டல் ஆலை இணையத்திலிருந்து விலகியே இருந்தது. அதைத் தாக்கிய, 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் பென்டிரைவ் வழியாகவும் பரவக்கூடியதாக எழுதப்பட்டிருந்தது.

கூடங்குளம் பற்றியும் கேட்கிறார்கள். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு தீநிரல் கண்டறியப்பட்டதை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது இணைய வசதியுள்ள நிர்வாக நெட்வொர்க்கின் கணினி, உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு அதிலிருந்து தனித்திருக்கிறது என்றது. அந்தப் பிரிப்பு இருந்ததால்தான் செய்தி அந்த அளவில் நின்றது. ஆனால் நிர்வாகக் கணினியில் உட்கார்ந்தவன் வரைபடங்கள், ஊழியர் பட்டியல், ஒப்பந்தக்காரர் விவரம் எல்லாம் எடுக்கலாம். அடுத்த படிக்கு அவை போதும்.

4. 2015-ல சரியா எப்படி உள்ள வந்தாங்க? படிப்படியா சொல்லுங்க.

தொடக்கம் அலுவலக மின்னஞ்சல். இணைப்பாக வந்த ஆபீஸ் கோப்பைத் திறந்து "மேக்ரோவை (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரலை) அனுமதி" என்பதைச் சொடுக்கியதும் பிளாக்எனர்ஜி 3 என்ற தீநிரல் அமர்ந்தது. இது தாக்குதலுக்குப் பல மாதங்கள் முன்பே நடந்துவிட்டது. அந்த மாதங்களில் அவர்கள் எதையும் உடைக்கவில்லை. பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் சேர்த்தார்கள். பணியாளர்கள் வெளியிலிருந்து ஸ்காடாவுக்குள் நுழையும் விபிஎன் ஒன்று இருந்தது. கடவுச்சொல் மட்டும் போதும், இரண்டாம் சரிபார்ப்பு கிடையாது. திருடிய கணக்கோடு முறையான பணியாளரைப் போலவே உள்ளே போனார்கள்.

டிசம்பர் 23 அன்று பிரேக்கர்களைத் திறந்தது வேலையில் ஒரு பங்குதான். மீட்பைத் தாமதப்படுத்த அடுக்கடுக்காக வேறு ஏற்பாடுகள் இருந்தன. நிலையங்களில் சீரியல் இணைப்பை ஈதர்நெட்டாக மாற்றும் சிறு பெட்டிகளின் ஃபர்ம்வேரை (உள்ளே பதிந்த இயக்க நிரலை) அழித்தெழுதினார்கள். அதனால் திரை திரும்பக் கிடைத்தாலும் கட்டளை நிலையத்துக்குப் போகாது. கட்டுப்பாட்டு மையத்தின் யுபிஎஸ் குறித்த நேரத்தில் அணையும்படி அமைத்துவைத்தார்கள். கில்டிஸ்க் என்ற அழிப்பு நிரலைக் கொண்டு கணினிகளைத் துடைத்தார்கள். வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணுக்குப் போலி அழைப்புகளைக் குவித்தார்கள். எந்தப் பகுதி இருண்டது என்று மக்கள் சொல்லவும் வழியில்லை.

இந்தச் சங்கிலியை எங்கெல்லாம் அறுத்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்: மேக்ரோ தடை, விபிஎன்னில் இரண்டாம் சரிபார்ப்பு, அலுவலகத்துக்கும் ஸ்காடாவுக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகள், யுபிஎஸ்ஸின் மேலாண்மை முகப்பைத் தனி நெட்வொர்க்கில் வைப்பது. விலை உயர்ந்தது இதில் ஒன்றுகூட இல்லை.

5. ஆன்டிவைரஸ் போட்டிருக்கோமே, போதாதா?

போதாது. 2022 அக்டோபரில் உக்ரைனில் நடந்த தாக்குதலில் மைக்ரோஸ்காடா என்ற கட்டுப்பாட்டு மென்பொருளுடன் வரும் சொந்தக் கருவியையே பயன்படுத்திப் பிரேக்கர்களைத் திறந்தார்கள். முறையான நிரல் முறையான கட்டளையை அனுப்பும்போது ஆன்டிவைரஸுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த மென்பொருள் ஆதரவு முடிந்த பழைய பதிப்பு என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஸ்காடா கணினி ஆண்டு முழுக்க ஒரே நாலைந்து நிரல்களைத்தான் ஓட்டுகிறது. ஆகவே கெட்டதைத் தேடுவதைவிட, அனுமதித்த நிரல் தவிர வேறெதுவும் ஓடாதபடி பூட்டுவது இங்கே எளிது, பலனும் அதிகம். தேவையில்லாத கட்டளைவரி வசதிகளையும் நீக்கிவிடுங்கள்.

6. ஸ்காடா பேசுற 104 நெறிமுறையில பாஸ்வேர்டே கிடையாதாமே? என்க்ரிப்ட் பண்ணிட்டா முடிஞ்சதில்ல?

கிடையாது என்பது உண்மை. அதன் முழுப் பெயரான ஐஇசி 60870-5-104 நம்பிக்கையின் காலத்தில் வடிவமைக்கப்பட்டது. டிசிபி 2404 போர்ட்டைத் தொட முடிந்தவர் "பிரேக்கரைத் திற" என்றால் ஆர்டியூ திறக்கும். யார் நீ என்று கேட்காது. இதற்குப் பாதுகாப்பு சேர்க்க ஐஇசி 62351 என்ற தரநிலைத் தொடர் இருக்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டு பழைய ஆர்டியூவுக்கு அது ஏறாது. இரண்டு நிலையங்களுக்கு இடையிலான பாதையை இரு முனையிலும் ரூட்டர் வைத்து என்க்ரிப்ட் செய்வது அப்போது நடைமுறைக்கு ஒத்த வழி. ஆர்டியூவைத் தொடவே வேண்டாம்.

நிலையத்துக்குள் ரிலேக்கள் ஒன்றுக்கொன்று பேசும் கூஸ் செய்திகள் வேறு கதை. பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் டிரிப் செய்தி 3 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். அங்கே என்க்ரிப்ஷனின் தாமதம் உபகரணத்துக்குச் சேதம் தரலாம். அங்கே மறைப்பதைவிட, செய்தி உண்மையான ரிலேயிடமிருந்து வந்ததா என்று சரிபார்ப்பதே முக்கியம். காலியான ஈதர்நெட் போர்ட்டுகளை அணைத்து, சுவிட்ச் அலமாரியைப் பூட்டுவது அதற்கும் முன்னால்.

என்க்ரிப்ஷன் இருந்தாலும் உள்ளேயிருந்து வருபவனைத் தடுக்காது. 4-ஆம் பதிலில் பார்த்தவர்கள் விபிஎன் வழியாகத்தான் வந்தார்கள். ஆகவே ஃபயர்வாலில் 2404 போர்ட்டுக்கு முதன்மை, மாற்று ஸ்காடா சர்வர்களின் முகவரிகளை மட்டும் விடுங்கள். 104-இல் 45, 46 என்ற வகை எண்கள் இயக்கக் கட்டளைகள். வேறு முகவரியிலிருந்து அந்த எண்களில் ஒன்று வந்தாலே அலாரம் அடிக்கட்டும். ஒரு நாளில் இத்தகைய கட்டளைகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும் என்பதால் பொய் அலாரம் குறைவு.

7. எங்களுக்குப் பட்ஜெட் இல்ல. எதுல ஆரம்பிக்கறது?

பட்டியலில். நிலையத்தில் நெட்வொர்க் கேபிள் சொருகிய ஒவ்வொரு பெட்டியையும் நடந்து போய் எழுதுங்கள்: பெயர், மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஐபி முகவரி, யார் எங்கிருந்து நுழைய முடியும். கணினியிலிருந்து ஸ்கேன் ஓட்டி எடுக்கும் குறுக்குவழி வேண்டாம். பழைய ஆர்டியூக்களும் ரிலேக்களும் எதிர்பாராத பாக்கெட் வந்தால் தொங்கிப்போகும், சில ரீஸ்டார்ட் ஆகும். ஓடும் நிலையத்தில் அது நீங்களே நடத்தும் தாக்குதல்.

அடுத்து வெளியிலிருந்து நுழையும் வழிகள். நிறுவனத்துக்காரர்களின் தொலைநுழைவு எப்போதும் திறந்திருக்கக் கூடாது. அவர்கள் கேட்கும்போது ஷிப்ட் பொறியாளர் திறந்து, வேலை முடிந்ததும் மூடி, பதிவேட்டில் நேரம் எழுத வேண்டும். கேபிளைப் பிடுங்கி வைப்பதுகூட நல்ல முறைதான். பிறகு தொழிற்சாலைக் கடவுச்சொற்கள்: ரிலே, மோடம், சுவிட்ச், யுபிஎஸ், ஜிபிஎஸ் கடிகாரம் எல்லாவற்றிலும் மாற்றுங்கள். மாற்றியதை மூடிய உறையில் கட்டுப்பாட்டு அறைப் பெட்டகத்தில் வையுங்கள், நள்ளிரவில் தேவைப்படும்.

கடைசியாக பேக்கப். ஸ்காடா சர்வரின் பேக்கப் பெரும்பாலும் இருக்கும். ரிலே செட்டிங் கோப்பு, ஆர்டியூவின் உள்ளமைவு, சுவிட்ச், ஃபயர்வால் உள்ளமைவு, அவற்றைத் திறக்கும் மென்பொருளின் அதே பதிப்பும் லைசென்சும்: இவைதான் இருக்காது. 4-ஆம் பதிலில் சொன்ன கன்வெர்ட்டர் பெட்டி அழிந்தால், உள்ளமைவு ஏற்றித் தயாராக வைத்த மாற்றுப் பெட்டி இரண்டு அலமாரியில் இருப்பது பெரிய உதவி. ஒரு பிரதி நெட்வொர்க்கில் சேராத வட்டில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து உண்மையிலேயே மீட்டுப் பாருங்கள்.

8. பேட்ச் போட்டா ஏதாவது நின்னுடுமோன்னு பயமா இருக்கு. போடாம விட்டா என்ன?

பயம் நியாயமானது. ரிலேயின் ஃபர்ம்வேரை மாற்றினால் செட்டிங் சரிபார்த்து, மின்னோட்டம் செலுத்தி மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். அதற்கு ஃபீடர் அவுட்டேஜ், அதாவது அந்த மின்பாதையை நிறுத்திவைக்க அனுமதி, வேண்டும். ஆகவே ரிலேக்குப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) ஆண்டுப் பராமரிப்போடு சேர்ந்தே வரும்.

ஃபயர்வாலுக்கும் விபிஎன்னுக்கும் இந்தச் சாக்கு செல்லாது. டென்மார்க்கில் 2023 மே மாதம் 22 எரிசக்தி நிறுவனங்கள் தாக்கப்பட்டன. ஸைக்செல் ஃபயர்வாலில் இருந்த ஓட்டைக்கான பேட்ச் ஏப்ரல் 25 அன்றே வந்திருந்தது. தாக்குதல் மே 11-இல் தொடங்கியது. விற்றவர் பார்த்துக்கொள்வார் என்று சிலர் நினைத்திருந்தார்கள், தங்களிடம் அந்தப் பெட்டி இருப்பதே சிலருக்குத் தெரியாது. 7-ஆம் பதிலின் பட்டியல் ஏன் முதலில் வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வெளி உலகைப் பார்க்கும் பெட்டிக்கு நாட்கணக்கில், உள்ளே இருப்பதற்கு அவுட்டேஜ் கணக்கில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

9. பிரேக்கர் திறந்தா திரும்ப மூடிக்கலாம். நிரந்தரமா ஏதாவது எரியுமா?

எரியலாம். 2007-இல் அமெரிக்காவின் ஐடாஹோ தேசிய ஆய்வகத்தில் அரோரா என்ற சோதனை செய்தார்கள். 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டரின் பிரேக்கரைத் திறந்து, மின்கட்டமைப்போடு ஒத்திசைவு (இரு பக்க அலைகளும் ஒன்றாக ஏறி இறங்குவது) விலகியதும் வேண்டுமென்றே மூடினார்கள். சில முறை செய்ததும் இயந்திரம் குலுங்கிப் புகைந்து அழிந்தது. ஒத்திசைவைச் சரிபார்க்காமல் பிரேக்கரை மூடுவதற்கு எதிராகப் பாதுகாப்பு வேண்டும் என்பது அதன் பாடம்: ஒத்திசைவுச் சோதனை ரிலேயும், மீண்டும் மூடுவதற்கு முன் கட்டாய நேர இடைவெளியும். இவை தொலைவிலிருந்து மாற்ற முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

2016 தாக்குதலிலும் இப்படியொரு எண்ணம் இருந்திருக்கலாம். சீமென்ஸ் சிப்ரோடெக் ரிலேக்களைச் செயலிழக்கச் செய்யும் பகுதி ஒன்று இன்டஸ்ட்ராயரில் இருந்தது. ஐபி முகவரியைத் தலைகீழாக எழுதிய பிழையால் அது இலக்கை அடையவில்லை. பிரேக்கர் திறந்து, ரிலே உறங்கி, ஊழியர்கள் அவசரமாக மின்பாதையைச் சேர்த்திருந்தால் பாதுகாப்பே இல்லாத நிலையில் மின்சாரம் பாய்ந்திருக்கும் என்பது பின்னர் ஆய்ந்தவர்களின் கணிப்பு. அந்த ரிலே ஓட்டைக்கான திருத்தம் 2015-லேயே வெளியாகியிருந்தது. பெரிய பவர் டிரான்ஸ்பார்மர் ஒன்று எரிந்தால் மாற்று வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே திரும்பச் சேர்க்கும் முன் ரிலே உயிரோடு இருக்கிறதா என்று அதன் முகப்பிலேயே பாருங்கள்.

10. கரண்ட் போனா அது ஹேக்கிங்கா சாதாரண ஃபால்ட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் சாதாரணக் காரணத்தையே தேடுங்கள். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் இந்தியாவின் பாதி இருண்டதற்கு மிகைச்சுமையும் ஒழுங்கு மீறிய மின்னெடுப்பும் காரணம். 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் இருண்டது பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் தொடங்கியது.

உண்மையான ஃபால்ட் சுவடு விடும். ரிலேயில் ஃப்ளாக் (அது இயங்கியதைக் காட்டும் குறி) விழுந்திருக்கும், ஃபால்ட் மின்னோட்டத்தின் அலைவடிவம் பதிவாகியிருக்கும். பிரேக்கர் திறந்திருக்கிறது, ரிலேயில் ஒன்றுமில்லை, அலைவடிவத்தில் வெறும் சுமை மின்னோட்டம்தான் என்றால் யாரோ கட்டளை கொடுத்திருக்கலாம். நிகழ்வுப் பதிவைத் திறந்து எந்தப் பயனர், எந்த முகவரி என்று பாருங்கள். ஷிப்டில் யாரும் சொடுக்கவில்லை என்றால், அதுவும் தொடர்பில்லாத பல நிலையங்களில் சில நிமிடங்களுக்குள் நடந்தால், ஐயம் உறுதியாகிவிட்டது. எல்லாப் பெட்டிகளின் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸோடு ஒத்திருந்தால்தான் இந்த வரிசையைக் கட்ட முடியும்; கடிகாரம் இரண்டு நிமிடம் தள்ளியிருந்தால் பதிவு பயனற்றது.

11. அந்த நேரத்துல கட்டுப்பாட்டு அறையில என்ன செய்யணும்?

நிலையங்களுக்குப் பேசி, பேனலில் உள்ள லோக்கல்/ரிமோட் சுவிட்சை லோக்கலில் வைக்கச் சொல்லுங்கள். அதன்பின் தொலைவிலிருந்து வரும் கட்டளை பிரேக்கரைத் தொடாது. இதுதான் மிக வேகமான தடுப்பு, மென்பொருள் எதுவும் தேவையில்லை. அந்த சுவிட்ச் கம்பி வழியாகவே கட்டளையைத் துண்டிக்கிறதா அல்லது மென்பொருளுக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்புகிறதா என்பதை இன்றே சரிபார்த்து வையுங்கள். இரண்டாவது வகை என்றால் நம்ப முடியாது.

அடுத்து அலுவலக நெட்வொர்க், விபிஎன், நிறுவனத்துக்காரர் இணைப்பு ஆகியவற்றின் கேபிள்களைப் பிடுங்குங்கள். கணினிகளின் மின்சாரத்தை அணைக்க வேண்டாம். நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். வழக்கமான தொலைபேசி இயங்காமல் போகலாம் என்பதால் மின்தடத்தின் வழியே பேசும் பிஎல்சிசி அல்லது விஎச்எஃப் ரேடியோ தொடர்பைப் பயன்படுத்துங்கள். இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 ஆணை. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே ஆணை சொல்கிறது.

12. ரேன்சம்வேர் பில்லிங் கணினியை மட்டும்தான் பூட்டுச்சுன்னா கரண்ட் ஓடும்ல?

தொழில்நுட்பப்படி ஓடும். 2021 மே மாதம் அமெரிக்காவின் காலனியல் பைப்லைனில் பூட்டப்பட்டது அலுவலகப் பக்கம்தான். ஆனாலும் சுமார் 8,900 கிலோமீட்டர் எரிபொருள் குழாயை நிறுவனமே நிறுத்திவைத்தது; தொற்று எங்கே வரை போயிருக்கிறது என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாத, இரண்டாம் சரிபார்ப்பு இல்லாத பழைய விபிஎன் கணக்கு. 4-ஆம் பதிலின் அதே கதவு.

பிரிவினை எல்லையில் ஃபயர்வால் இருப்பதோடு, அந்த எல்லையை வெட்டிய பிறகும் கட்டுப்பாட்டுப் பக்கம் தனியாக ஓடுமா என்று ஒருமுறை சோதித்திருக்க வேண்டும். பயனர் கணக்குச் சரிபார்ப்பு, நேரம், பெயர் சேவை எல்லாம் அலுவலக சர்வரையே நம்பியிருந்தால் ஓடாது.

13. எங்க வீட்டு சோலார் இன்வெர்ட்டர், ஸ்மார்ட் மீட்டரால கிரிட்டுக்கு ஆபத்தா?

உங்கள் வீட்டு 3 கிலோவாட்டால் இல்லை. அதே நிறுவனத்தின் சர்வரில் சேர்ந்த பத்து லட்சம் வீடுகள் ஒரே நொடியில் அணைந்தால் அது 3,000 மெகாவாட். ஐரோப்பியப் பெருங்கட்டமைப்பு திடீரெனத் தாங்குவதற்காகத் திட்டமிட்டிருக்கும் இழப்பின் அளவும் அதுவே. ஆகவே காக்க வேண்டிய இடம் அந்த சர்வர். நீங்கள் செய்யக்கூடியது: இன்வெர்ட்டரின் வைஃபை கடவுச்சொல்லையும், நிறுவியவர் அமைத்த ஆப் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றுவது, இணையத்திலிருந்து நேரே இன்வெர்ட்டருக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் செய்யாதிருப்பது.

ஸ்மார்ட் மீட்டரில் ஆபத்தான வசதி தொலைவிலிருந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். ஒவ்வொரு மீட்டருக்கும் தனி என்க்ரிப்ஷன் சாவி, மைய சர்வரில் மணிக்கு இத்தனை துண்டிப்புதான் என்ற வரம்பு, அதற்கு மேல் போனால் இரண்டு அதிகாரிகளின் ஒப்புதல், திரும்ப இணைக்கும்போது மீட்டருக்கு மீட்டர் வேறுபடும் தாமதம் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். பிறகு சேர்ப்பது கடினம்.

14. கையால இயக்கத் தெரிஞ்சா போதும்னா, ஆளில்லாத சப்ஸ்டேஷன் எதுக்குக் கட்டறாங்க?

இந்தக் கேள்விக்கு வசதியான பதில் இல்லை. உக்ரைனில் ஆறு மணி நேரத்தில் மீண்டதற்குக் காரணம், வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பிரேக்கரை இயக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். தாக்குதலுக்கு இரண்டு மாதம் கழித்தும் கட்டுப்பாட்டு மையங்கள் முழுமையாகத் திரும்பவில்லை. அதுவரை நிலையங்களைக் கையால்தான் ஓட்டினார்கள். முழுத் தானியங்கியாக மாறி ஆட்களைக் குறைத்த கட்டமைப்பில் அதே தாக்குதல் நீண்டிருக்கும்.

ஆளில்லா நிலையம் கட்டுவதென்றால் விலையைத் தெரிந்து கட்டுங்கள். ஒரு குழு எத்தனை நிலையங்களை எத்தனை மணி நேரத்தில் அடையும் என்று கணக்கிடுங்கள். பிரேக்கரைத் திறக்கும் டிரிப் காயிலும் ரிலேயும் நிலைய பேட்டரியில் ஓடுகின்றன. குழு வந்து சேரும்வரை பேட்டரி தாங்க வேண்டும், ஆகவே ஆண்டுதோறும் டிஸ்சார்ஜ் டெஸ்ட் செய்து உண்மைத் திறனைப் பாருங்கள். ஸ்பிரிங் சார்ஜ் செய்யும் கைப்பிடி, ஒற்றைக்கோட்டு வரைபடத்தின் அச்சுப் பிரதி, சாவி, கையில் பிடிக்கும் ரேடியோ நான்கும் அங்கேயே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்காடாவை நான்கு மணி நேரம் பார்க்காமல், தொலைபேசிச் சொல்லிலும் தாள் பதிவேட்டிலும் மட்டும் ஒரு மின்விநியோக வட்டத்தை ஓட்டிப் பாருங்கள். முதல் முறை சாவி எங்கே என்று தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போகும். அது ஒத்திகையில் போகட்டும்.